அவரைப் பந்தலில் ஒரு காவல் படை

எங்கள் வீட்டுப் புழக்கடையில் (எங்கள் கோபி பக்கத்துப் பேச்சில் சொன்னால் ‘பொடக்காலி’யில்) இருபத்திரண்டு வருஷங்களாக ஓர் அவரைப் பந்தல் இருக்கிறது. ஆடிப் பட்டத்தில் விதை ஊன்றினால் கார்த்திகையில் பூக்கொத்துகள் நிமிர்ந்து நிற்கும். மார்கழி, தை இரண்டு மாதமும் கடையில் காய் வாங்குகிற வேலையே கிடையாது. பொரியல், புளிக்குழம்பு, முற்றிய கொட்டையைப் பிதுக்கி ஒரு குழம்பு என்று வாரத்தில் நாலு நாள் அவரையாகவே ஓடும். “இன்னிக்குமா அத்தை?” என்று மருமகள் சிரிப்பாள்.

அந்தப் பந்தலுக்கு நான் செய்த ஒரு தப்பையும், அதனால் ஓர் இரவு முழுக்க எங்கள் குடும்பம் பட்ட பாட்டையும், பிறகு நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்குக்கூட இது உபயோகப்படும் என்பதால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எள்ளைத் தூவியது போல...

நாலு வருஷத்துக்கு முன்பு, மார்கழி பிறந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ இருக்கும். வாசலில் கோலம் போட்டு முடித்துவிட்டுப் பந்தலை எட்டிப் பார்த்தேன். பகீரென்றது. பூக்கொத்தின் காம்புகளிலும் இளங்கொழுந்திலும் கறுப்பு எள்ளைத் தூவி அப்பியது போல் அசுவினி! இலையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. சில பிஞ்சுகள் சுருண்டு கிடந்தன.

அது மட்டுமா? அந்த அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில், அரை விரற்கடை நீளத்தில், கறுப்பும் சாம்பலுமாக, முதுகில் ஆரஞ்சுப் பொட்டு வைத்துக்கொண்டு, முதலைக் குட்டி மாதிரி ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, பதினைந்து இருபது இருக்கும். பார்த்தாலே உடம்பு கூசியது. ‘ஓகோ, செடியைத் தின்கிற பெரிய பூச்சி இதுதான் போலிருக்கிறது’ என்று நானே தீர்மானித்தேன். ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரை வைத்துக்கொண்டு, துடைப்பக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் போட்டேன். ஒன்று விடாமல் கொன்றேன். பெரிய காரியம் சாதித்துவிட்ட திருப்தி எனக்கு!

அதோடு நிற்கவில்லை. இவர் மத்தியானம் டவுனுக்குப் போனபோது, “அசுவினிக்கு ஏதாவது மருந்து வாங்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குக் கொஞ்சம்தான் வேண்டும் என்பதால், கடைக்காரர் பெரிய டப்பாவிலிருந்து பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மேலே பெயரும் இல்லை, ஊரும் இல்லை. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, அடித்த பிறகு எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்று நாங்களும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பந்தல் முழுக்க நனைய நனைய அடித்தாயிற்று. மாலைக்குள் அசுவினி கருகிப்போனது. நானும் மெச்சிக்கொண்டேன்.

அந்த ராத்திரி

என் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு பந்தலுக்கடியில் ‘சோறாக்கி’ விளையாடியிருக்கிறாள். கொட்டாங்குச்சியில் மண் சோறு, அவரைப் பிஞ்சுப் பொரியல். விளையாட்டில் ஒரு பிஞ்சை நிஜமாகவே கடித்துத் தின்றிருக்கிறாள். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் “அப்பத்தா, வயிறு வலிக்குது” என்று வந்தாள். வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. அந்த மார்கழிக் குளிரிலும் உடம்பு தெப்பமாக வியர்த்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். கண்ணைப் பார்த்தால் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கிக் கிடந்தது. கார் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் அம்மா குழந்தையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “தோட்டத்துக்கு மருந்து ஏதாச்சும் அடிச்சீங்களா? டப்பாவைக் கொண்டு வந்திருக்கீங்களா?”

டப்பா எங்கே இருக்கிறது கொண்டு போக? தண்ணீர் பாட்டில்தானே இருந்தது! கடைக்காரர் வீட்டுக்கு ஆளை அனுப்பிப் பெயரை விசாரித்து வருவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் அறிகுறிகளைப் பார்த்தே அந்த அம்மா வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டார். மாற்று மருந்தை ஊசியாகப் போட்டார்கள். குழந்தையின் உடுப்பைக் களைந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவினார்கள். விடிகிறவரை நான் அந்தக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாத தெய்வமில்லை.

மூன்றாம் நாள் பேத்தி இட்லி கேட்டாள். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தோம்.

போன பகைவர் திரும்பி வந்தார்

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மருந்து அடித்துப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் பந்தல் சுத்தமாக இருந்தது. பிறகு ஒரு கொழுந்தில் நாலு அசுவினி, மறுநாள் நாற்பது. பொங்கலுக்கு முன்பு பார்த்தால் முன்னைவிட இரண்டு பங்கு! இன்னொரு முறை அந்தப் பாட்டிலைத் தொட எனக்குத் தைரியமில்லை. பந்தலையே வெட்டி எறிந்துவிடலாம் என்று அரிவாளோடு நின்றேன்.

அந்தச் சமயத்தில் பொங்கல் லீவுக்கு என் நாத்தனார் மகள் வந்தாள். கோயமுத்தூரில் விவசாயக் கல்லூரியில் படிக்கிறவள். பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். செல்போனால் படம் எடுத்தாள். பிறகு கேட்டாள்.

“அத்தை, இவ்வளவு அசுவினி இருக்குது, ஒரு பொறிவண்டுகூட இல்லையே! முதலைக் குட்டி மாதிரி புழு ஏதாச்சும் முன்னாடி பாத்தீங்களா?”

“பாத்தேன் கண்ணு. அதையெல்லாம்தான் மண்ணெண்ணெயில போட்டுக் கொன்னுட்டனே!”

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். “ஐயோ அத்தை! அதுங்கதான் உங்க பந்தலுக்குக் காவல்காரங்க. போலீஸைக் கொன்னுட்டுத் திருடனைத் தேடறீங்களே!”

புள்ளிச் சட்டைக்காரர்

பொறிவண்டை நம்மில் பார்க்காதவர் கிடையாது. பாதி மிளகை ஒட்டி வைத்தது போல் உருண்டையாக, சிவப்பிலோ ஆரஞ்சிலோ மஞ்சளிலோ பளபளப்பான முதுகும், அதில் கறுப்புப் புள்ளியோ நெளிகோடோ வைத்துக்கொண்டு, விரலில் ஏறினால் நுனிவரை நடந்து போய்ப் பறக்குமே, அதுதான். சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் பிடித்து வைத்து விளையாடியிருக்கிறோம். ஆனால் அந்த அழகான வண்டும் இந்த அருவருப்பான முதலைக் குட்டியும் ஒன்றேதான் என்பது ஐம்பத்தெட்டு வயதுவரை எனக்குத் தெரியாது! வண்ணத்துப்பூச்சிக்குக் கம்பளிப்புழு எப்படியோ, பொறிவண்டுக்கு இந்தப் புழு அப்படி.

தாய் வண்டு புத்திசாலி. அசுவினி இருக்கிற செடியாகப் பார்த்து, இலையின் அடியில் மஞ்சள் நிற முட்டைகளை ஒரு கொத்தாக நிமிர்த்தி ஒட்டி வைக்கும். மூன்று நாலு நாளில் குஞ்சுப் புழு வெளியே வரும். வந்ததும் பசி. பக்கத்தில் அசுவினி கிடைக்காவிட்டால் இன்னும் பொரியாத தன் உடன்பிறப்பு முட்டையையே தின்றுவிடும்! அவ்வளவு அகோரப் பசி. நாலு பருவமாக வளர்ந்து இரண்டு வாரத்துக்குள் கூட்டுப்புழுவாகி இலையில் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் ஒரே ஒரு புழு நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்று தீர்த்திருக்கும். நாலைந்து நாளில் கூட்டைக் கிழித்துக்கொண்டு வண்டு வரும். அந்த வண்டும் அசுவினியைத்தான் தின்னும். முட்டையிலிருந்து வண்டுவரை மொத்தம் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அசுவினியின் கணக்கு வேறு. அதற்குக் கல்யாணமும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். பெண் அசுவினி ஆண் துணையில்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானே தாயாகிவிடும். ஒவ்வொன்றும் ஐம்பது, அறுபது என்று ஈன்று தள்ளும்.

இப்போது என் பந்தலில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். நான் அடித்த மருந்துக்குத் திருடன், போலீஸ் என்ற பேதம் கிடையாது. இரண்டு பேரும் செத்தார்கள். எங்கோ ஓர் இலை மடிப்பில் தப்பிய நாலு அசுவினி பத்தே நாளில் பெருகிவிட்டது. பொறிவண்டு மறுபடி எங்கிருந்தோ வந்து, முட்டையிட்டு, பொரித்து, வளர மூன்று வாரம் வேண்டும். இடைப்பட்ட நாளில் கேட்பார் இல்லாத ஊர்! அதனால்தான் மருந்து அடித்த பிறகு பூச்சி முன்னைவிட அதிகமாகிறது. “மருந்துல சத்து இல்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்து அடி” என்று நாம் மேலும் மேலும் ஊற்றுகிறோம்.

எறும்பின் திருட்டுத்தனம் ஒன்றையும் அவள் காட்டினாள். அசுவினி செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு, இனிப்பான கழிவை வெளியே விடுகிறது. இலை பிசுபிசுப்பது அதனால்தான். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை கறுத்துப்போகும். அந்த இனிப்புக்காக எறும்புகள் அசுவினியைக் கறவை மாடு மாதிரி வைத்துக் காக்கின்றன. பொறிவண்டு வந்தால் கடித்துத் துரத்துகின்றன. பந்தல் காலில் எறும்புச் சாரை ஏறினால், மேலே ‘மாட்டுப் பண்ணை’ இருக்கிறது என்று அர்த்தம்.

சரித்திரம் படைத்த வண்டுகள்

இந்தச் சின்ன ஜீவனை நம்பி ஒரு நாட்டின் ஆரஞ்சுத் தோட்டங்களே பிழைத்த கதை உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளைப் பஞ்சு போல் வெள்ளையாக அப்பிக்கொள்ளும் ஒரு செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. விவசாயிகள் மரங்களை வெட்டி எரிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பூச்சியின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. ‘அங்கே இது ஏன் பெருகவில்லை? அங்கே இதைத் தின்கிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும்’ என்று யோசித்து, 1888ல் ஆல்பர்ட் கேபல் என்ற பூச்சி நிபுணரை அங்கே அனுப்பினார்கள். அவர் அனுப்பி வைத்த சிவப்புக் கறுப்புப் பொறிவண்டுகளில், முதல் சில தவணைகளில் உயிரோடு வந்து சேர்ந்தவை வெறும் 129. அவற்றை லாஸ் ஏஞ்சல்ஸில் கூடாரத் துணி போர்த்திய ஒரு மரத்தில் விட்டார்கள். 1889 முடிவதற்குள் தோப்புகள் பிழைத்துவிட்டன! ஆனால் 1940களில் அதே தோப்புகளில் டி.டி.டி. அடித்தார்கள். வண்டு செத்தது, செதில் பூச்சி திரும்பி வந்தது. என் பந்தலில் நடந்த அதே கதை!

நம் நீலகிரிக்கும் அந்தப் பூச்சி வந்தது. 1928ல் வாட்டில் மரங்களில் அதைக் கண்டார்கள். அங்கேயும் அதே வண்டைத் தருவித்து விட்டார்கள். அதற்கும் முன்பே, 1898ல், காப்பிச் செடியின் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வேறொரு பொறிவண்டு தென்னிந்தியாவுக்கு வந்தது. உடம்பு கறுப்பு, தலைப்பக்கம் செம்மண் நிறம். அது இங்கேயே குடும்பம் நடத்த ஆரம்பித்து, இன்று மாவுப்பூச்சியைத் தின்று நமக்கு உதவுகிறது.

இந்த வண்டின் விஷயத்தில் சகோதரிகள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏனென்றால் இதன் புழு, தான் தின்கிற மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மாவு வேஷம் போட்டிருக்கும்! செம்பருத்தியில் மாவுப்பூச்சியைக் கண்டால் நாம் எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கிவிடுகிறோம். கொஞ்சம் நின்று பாருங்கள். மாவுப்பூச்சி சோம்பேறி, இருந்த இடத்திலேயே கிடக்கும். அதைவிடப் பெரிதாக, நீள நீளமான வெள்ளை இழைகளோடு சுறுசுறுப்பாக ஊர்ந்து போனால், அது நம் ஆள். விட்டுவிடுங்கள்.

பப்பாளி மாவுப்பூச்சியை எங்கள் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008ல் கோயமுத்தூர்ப் பக்கம் முதலில் தெரிந்தது. அப்புறம் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி ஒன்றையும் விடவில்லை. எங்கள் வாசல் பப்பாளிகூட வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு செத்தது. மேலே மெழுகு பூசியிருப்பதால் எந்த மருந்தும் அதன் உடம்பில் சரியாகப் படவில்லை. கடைசியில் 2010ல், பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினர், அந்தப் பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழிக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து தருவித்தார்கள். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. அதன் பிறகுதான் பூச்சி அடங்கியது.

சீமையில் பார்த்த சிப்பாய்

போன வருஷம் ஜூலையில் இங்கிலாந்தில் இருக்கும் என் பெரிய மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நடைபாதை ஓரத்தில் நம் கொத்துமல்லிப் பூ மாதிரி, ஆனால் ஆள் உயரத்துக்குக் குடை குடையாக வெள்ளைப் பூ. ஒவ்வொரு குடையிலும் நாலைந்து வண்டுகள். ஒல்லியாக, நீளமாக, செங்காவி நிறத்தில், வால் பக்கம் மட்டும் மை தொட்டது போல் கறுப்பு.

“இதுக்கு இங்கே சிப்பாய் வண்டுன்னு பேரும்மா. அந்தக் காலத்துல இங்கே சிப்பாய்ங்க சிவப்புக் கோட்டுப் போட்டிருப்பாங்களே, அதனால வந்த பேரு” என்றாள் மகள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே போனாலும் வண்டுதானா! ஆனால் விசாரித்ததில் அதுவும் நம் பொறிவண்டின் கட்சிதான். மற்ற வண்டுகளின் முதுகு ஓடு மாதிரி இதன் இறக்கை மூடி கெட்டியாக இராது. தோல் போல் மெத்தென்று இருக்கும். பூவின் தேனையும் மகரந்தத்தையும் தின்னும். வழியில் கிடைத்தால் அசுவினியையும் தின்னும். பூவுக்குப் பூ தாவுவதால் மகரந்தமும் பரவுகிறது. அதன் புழு மண்ணுக்குள்ளும் சருகுக்கடியிலும் இருந்துகொண்டு, கீரைப் பாத்தியை நாசம் செய்கிற நத்தைகளையும் வேறு பூச்சிகளின் புழுக்களையும் பிடித்துத் தின்னும். செக்கச் செவேலென்று இருப்பதால் அங்கே சிலர் இதை ‘ரத்தம் குடிக்கிற வண்டு’ என்று சொல்லிப் பயப்படுகிறார்களாம். அது மனுஷரைக் கடிப்பதே இல்லை! உருவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற புத்தி எனக்கு மட்டும் இல்லை, சீமையிலும் இருக்கிறது என்று ஓர் ஆறுதல்.

புள்ளி வைத்ததெல்லாம் பொறிவண்டல்ல

இதைப் படித்துவிட்டுப் புள்ளி வைத்த எல்லா வண்டையும் கும்பிடவும் வேண்டாம். கத்தரி, தக்காளி, பாகல் இலைகளை அரித்து, நரம்பை மட்டும் விட்டுச் சல்லடையாக்குகிற வண்டு ஒன்று இருக்கிறது. அதுவும் பொறிவண்டின் பங்காளிதான், ஆனால் சைவம்! முதுகு பளபளப்பாக இராது. மெல்லிய ரோமம் மூடி மங்கலாக இருக்கும். புள்ளிகளும் நிறைய, பெரும்பாலும் 28. அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளை விட்ட முள்ளோடு இருக்கும். இலைக்கடியில் அதைக் கண்டால் கையாலேயே பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம்.

சுலபமாக ஞாபகம் வைக்க என் வழி: இலையில் ஓட்டை இருந்தால் சந்தேகப்படு, அசுவினி நடுவில் இருந்தால் நம்பு.

நான் இப்போது செய்வது

• காலையில் ஒரு தரம் கொழுந்தையும் இலையின் அடிப்பக்கத்தையும் பார்க்கிறேன். அசுவினி ஆரம்பமாக இருந்தால், தண்ணீரைக் குழாயால் வேகமாகப் பீய்ச்சினாலே பாதி விழுந்துவிடும். ரொம்ப அப்பிய நுனிகளைக் கிள்ளி எறிந்துவிடுவேன்.

• பொறிவண்டின் மஞ்சள் முட்டையோ, முதலைக் குட்டியோ, கூட்டுப்புழுவோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் கை வைக்க மாட்டேன். ஒரு வாரம் பொறுப்பேன்.

• பந்தல் காலில் பழைய துணியைச் சுற்றிக் கிரீஸ் தடவி வைப்பேன். எறும்பு ஏறாது.

• பந்தல் ஓரத்தில் நாலு தட்டைப்பயறு விதை. அதில் அசுவினி சீக்கிரம் வரும். அதைத் தேடிப் பொறிவண்டும் வரும். வந்தது அவரைக்கும் காவல் இருக்கும். கொத்துமல்லியில் ஒரு பிடியைப் பறிக்காமல் பூக்க விடுவேன். அசுவினி இல்லாத நாளில் இந்தப் பூவின் மகரந்தம்தான் வண்டுக்குப் பலகாரம்.

• எதுவும் கட்டுப்படாமல் போனால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு, பூச்சி இருக்கிற நுனியில் மட்டும் தெளிப்பேன். முதலில் ஓர் இலையில் அடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

• தவிர்க்க முடியாமல் கடை மருந்து வாங்கினால், சீல் உடைக்காத டப்பாவாக, லேபிளோடு வாங்குங்கள். லேபிளில் வர்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம். பச்சை இருப்பதில் குறைவானது. பச்சை என்றாலும் விஷம்தான்! அடித்த பிறகு எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்பதையும் படியுங்கள். தண்ணீர் பாட்டில், எண்ணெய் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள்.

• யாருக்காவது மருந்து பட்டுவிட்டாலோ, உள்ளே போய்விட்டாலோ, வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுக்காதீர்கள். நனைந்த துணியைக் கழற்றுங்கள், தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த மார்கழியில்

அந்த வருஷம் நான் அரிவாளைக் கீழே வைத்துவிட்டேன். தண்ணீர் பீய்ச்சியதிலும் நுனி கிள்ளியதிலும் ஏதோ கொஞ்சம் காய்த்தது. பொறிவண்டு எங்கள் பந்தலுக்குத் திரும்ப மாசி பிறந்துவிட்டது. முதல் வண்டைக் கண்டதும், சண்டை போட்டுக்கொண்டு போன உறவுக்காரர் படியேறி வந்த மாதிரி எனக்குத் தொண்டையை அடைத்தது. சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இப்போது பேத்திக்கு ஒன்பது வயது. அந்த ராத்திரி அவளுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. எனக்குத்தான் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் பந்தலுக்கடியில் நின்று வண்டு எண்ணுவது அவள் வேலை. போன வாரம் ஓடி வந்தாள்.

“அப்பத்தா! இன்னிக்குப் பதினேழு. அதுல முதலைக் குட்டி ஆறு!”

“அசுவினி?”

“அது இருக்குது அப்பத்தா, கொஞ்சமா. இருக்கட்டும், இல்லாட்டி வண்டு எதைத் திங்கும்?”

ஐம்பத்தெட்டு வயதில் நான் படித்த பாடம் அவளுக்கு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. அன்றைக்கும் அவரைக்காய்ப் பொரியல்தான். கழுவத்தான் கழுவினேன், ஆனால் பயமில்லாமல் அவள் தட்டில் வைத்தேன்.